உங்களுக்குத் தெரியுமா? சேலத்து ஜேம்ஸ்பாண்டும் ராசிபுரத்து வில்லனும்

மீசையோடு ஒரு ஜோக்கர்

அமெரிக்காவில் 1966 ஜனவரி 12-ஆம் தேதி ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமானது. குத்து விழுந்தால் திரை முழுக்க ‘பவ்!’ என்று எழுத்து வரும். வில்லன் கையில் கதாநாயகன் சிக்கினால் உடனே சுடமாட்டான். விசித்திரமான ஏதாவது ஒரு இயந்திரத்தில் கட்டிப்போட்டுவிட்டு வெளியே போய்விடுவான். ‘இதெல்லாம் ஒரு தொடரா?’ என்று கேட்டவர்கள் உண்டு. வாரம் தவறாமல் உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு. 120 பகுதிகள் ஓடி 1968-ல் முடிந்தது.

அதில் ஜோக்கர் என்ற வில்லனாக வந்தவர் சீசர் ரொமேரோ. தன் மீசையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசிவிட்டார்கள். இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் மீசை தெரியும்.

அந்த ஜோக்கர், அதற்கு 14 ஆண்டுகள் முன்பே ஒரு சேலம் கம்பெனியின் படத்தில் நடித்துவிட்டார்! படம் ‘தி ஜங்கிள்’, 1952. மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்தது. தமிழில் ‘காடு’ என்ற பெயரில் வந்தது. ரொமேரோவோடு நம் எம்.என். நம்பியாரும் இருந்தார். கதைக்கு ஆதிகாலத்து மாமூத் யானைகள் வேண்டியிருந்தன. அதற்கு எங்கே போவது? நம் ஊர் யானைகளுக்கே ரோமத்தைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் நாம் பேசப்போவது அந்த வகையான படங்களையும் தொடர்களையும்தான். கதையில் ஓட்டை இருக்கும், சண்டையில் மிகை இருக்கும், வில்லனின் கோட்டையில் பல்பு எரிந்து எரிந்து அணையும். ஆனாலும் சனம் எழுந்து போகாது. ஏன் எழுந்து போகவில்லை என்பதில்தான் எனக்கு அக்கறை.

★

திருச்செங்கோட்டுப் பிள்ளை, லீட்ஸ் படிப்பு

மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் 1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இன்றைய கணக்கில் நாமக்கல் மாவட்டம். ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போனார். திரும்பி வந்து தறியைக் கட்டாமல் சினிமாவைக் கட்டினார். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் எழுந்த அந்த ஸ்டுடியோவில் 100-க்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர் பலருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரவேண்டும், நேரத்துக்குப் படம் முடியவேண்டும். ஒரு மில்லை நடத்துகிற ஒழுங்கில் ஒரு கலையை நடத்திக் காட்டியவர் அவர். மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுதியவர்கள்.

சென்னையிலிருந்து இவ்வளவு தள்ளி ஒரு முழு ஸ்டுடியோ நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எழுதுகிறவரும் படம் எடுக்கிறவரும் சாயங்காலம் வெளியே வந்தால் எதிரே நடமாடுகிறவர்கள் நெசவாளிகள், மரவள்ளி விவசாயிகள், வண்டிக்காரர்கள். தங்கள் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிற மனிதர் யார் என்று அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

★

11 வேஷம்

நம்பியார் என்றால் கையைப் பிசையும் வில்லன்தான் நினைவுக்கு வருவார். அதே நம்பியார் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘திகம்பர சாமியார்’ படத்தில் துப்பறியும் கதாநாயகன். ஒன்றல்ல, இரண்டல்ல, 11 மாறுவேஷங்கள்! கதை வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்.

ஒட்டுத்தாடியைப் பார்த்ததும் அது நம்பியார் என்று தியேட்டரில் இருக்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். படத்துக்குள் இருக்கிற குற்றவாளிக்கு மட்டும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லையே என்ற அந்தத் தவிப்புக்காகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? வேஷம் கச்சிதமாக இருந்து நாமும் ஏமாந்துபோயிருந்தால் அந்தத் தவிப்பு ஏது?

★

அதே 1950-ல், அதே ஸ்டுடியோவில் ‘மந்திரி குமாரி’. பகலில் பெரிய இடத்துப் பிள்ளை, இரவில் கொள்ளைக்காரன். கட்டிய மனைவியையே மலையுச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான். இந்தக் கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. எம்.ஜி.ஆர். கதாநாயகன், வசனம் கருணாநிதி. ஆனாலும் வெளியே வந்தவர்கள் வாயில் நிறைந்திருந்த பெயர் கொள்ளைக்காரனாக நடித்த எஸ்.ஏ. நடராஜன்! இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் படம் முடிவதற்குள் அமெரிக்கா திரும்பிவிட, மிச்சத்தை டி.ஆர். சுந்தரமே எடுத்து முடித்தார்.

★

தேசபக்திக் கவிஞர் எழுதிய திருடன்

கத்தியின்றி ரத்தமின்றி நடந்த போராட்டத்தைப் பாடியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் 1888-ல் பிறந்தவர். மலையில் ஒளிந்து வாழ்ந்து, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரன் ஒருவனைப் படைத்தவரும் அவரேதான். நாவலின் பெயர் ‘மலைக்கள்ளன்’.

கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அதை 1954-ல் படமாக்கினார். எம்.ஜி.ஆர்., பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. தெலுங்கில் ‘அக்கி ராமுடு’, என்.டி.ஆர். இந்தியில் ‘ஆசாத்’, திலீப் குமார், மீனா குமாரி. மலையாளத்தில் ‘தஸ்கரவீரன்’. கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’. கடல் தாண்டிச் சிங்களத்தில் ‘சூரசேனா’. மோகனூர்க்காரர் மனதில் பிறந்த ஒரு திருடன் ஆறு மொழி பேசினான்.

காந்தியவாதி ஒருவர் இப்படிச் சண்டையும் சாகசமும் நிறைந்த கதையை எழுதலாமா என்ற கேள்வியை என்னால் ஏற்க முடிவதில்லை. எழுதினார், மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அவருடைய தேசபக்திப் பாட்டில் இருந்த நியாய உணர்ச்சிதான் அந்தக் கொள்ளைக்காரனிடமும் இருந்தது. படிக்கிறவருக்கு அது பிடிபட்டது.

★

ஆர்.எஸ். மனோகரின் பெயரில் முதலில் வரும் ‘ஆர்’ எது தெரியுமா? ராசிபுரம்!

அவர் கதாநாயகனாக அறிமுகமான படம் 1951-ல் வந்த ‘ராஜாம்பாள்’. அதுவும் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்தான். 1960-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கைதி கண்ணாயிரம்’ படத்தில் அவரே நாயகன். அப்புறம் வில்லன் வேடங்கள் வரிசை கட்டின. இன்னொரு பக்கம் நாடக மேடையில் ‘இலங்கேஸ்வரன்’ என்று ராவணனையே கதாநாயகனாக்கி, தந்திரக் காட்சிகளால் அரங்கத்தை வாய்பிளக்க வைத்தார். சினிமாவில் அடிவாங்குகிற ஆள், மேடைக்கு வந்தால் பத்துத் தலையோடு நிமிர்ந்து நிற்பார். எங்கள் பக்கத்து ரசிகர்கள் அவரை வில்லன் என்று ஒரு நாளும் தள்ளிவைத்ததில்லை. ‘நம்ம ராசிபுரத்தார்’ என்றுதான் பேச்சு. 2006-ல் அவர் மறைந்தபோதும் அவரைப் பற்றிய பேச்சில் முதலில் வந்தது அந்தக் கம்பீரக் குரல்தான்.

★

வல்லவர்களின் அணிவகுப்பு

டி.ஆர். சுந்தரம் 1963-ல் காலமானார். பொறுப்பு மகன் ராமசுந்தரத்திடம் வந்தது. புராணமும் ராஜா ராணியும் ஓய்ந்து, உலகமெங்கும் ஒற்றர் கதைகள் பரவிய நேரம் அது. ஜேம்ஸ்பாண்டின் முதல் படமான ‘டாக்டர் நோ’ 1962-ல் வந்திருந்தது. சேலம் விட்டுக்கொடுக்குமா? 1965-ல் ‘வல்லவனுக்கு வல்லவன்’. 1966-ல் ‘இரு வல்லவர்கள்’. அதே ஆண்டில் ‘வல்லவன் ஒருவன்’. 1967-ல் ‘எதிரிகள் ஜாக்கிரதை’. 1969-ல் ‘நான்கு கில்லாடிகள்’. 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. பெயரைப் படித்தாலே உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடும். இது ஒரு நேர்மை. குடும்பச் சித்திரம் என்று போஸ்டர் ஒட்டி உள்ளே இழுத்து அடிதடி காட்டுகிற வேலையை இந்தப் படங்கள் செய்யவில்லை.

‘இரவும் பகலும்’ மூலம் 1965-ல் அறிமுகமான ஜெய்சங்கர்தான் இந்த வரிசையின் முகம். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை படம் வந்துகொண்டே இருந்ததால் வெள்ளிக்கிழமை நாயகன் என்றும் சொன்னார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று இரண்டு மலைகள் நின்ற காலத்தில், ரசிகர்கள் இவருக்கென்று தனியாக ஒரு இடம் ஒதுக்கி வைத்தார்கள். வீரவசனம் பேசமாட்டார். சிரித்த முகமாக வருவார், அடிப்பார், ஜோக் சொல்வார், போய்விடுவார்.

‘வல்லவனுக்கு வல்லவ’னில் இன்னொரு வேடிக்கை. காதல் மன்னன் ஜெமினி கணேசன் அதில் வில்லன்! எப்போதும் வில்லனாக வரும் அசோகனும் மனோகரும் நல்லவர்கள் பக்கம். ரசிகர்களுக்கு யாரை எங்கே வைத்துப் பழக்கமோ அதையே திருப்பிப் போட்டு ஆடிய ஆட்டம்.

★

‘வல்லவன் ஒருவன்’ படத்தின் மூலம் ஒரு பிரெஞ்சுப் படம். 1964-ல் வந்த அந்தப் பிரெஞ்சுப் படத்தின் நாயகன் ஓ.எஸ்.எஸ். 117 என்ற ஒற்றன். எழுத்தாளர் ஜான் புரூஸ் அவனைப் படைத்தது 1949-ல். இயான் ஃபிளெமிங்கின் முதல் ஜேம்ஸ்பாண்ட் நாவல் வந்ததோ 1953-ல்தான். அதாவது சேலம் தேர்ந்தெடுத்த ஒற்றன், பாண்டுக்கே நான்கு வயது மூத்தவன்!

★

காப்பி என்று தெரிந்துமா பார்த்தார்கள்?

தெரிந்தேதான். ‘இரு வல்லவர்கள்’ இந்தி ‘தோ உஸ்தாத்’. ‘வல்லவனுக்கு வல்லவன்’ இந்தி ‘உஸ்தாதோன் கே உஸ்தாத்’. ‘கைதி கண்ணாயிரம்’ இந்தி ‘கைதி நம்பர் 911’. இசையமைப்பாளர் வேதா, இந்தி மெட்டுகளை எடுத்துத் தமிழ் வரிகளைப் பொருத்துவதில் பெயர் வாங்கியவர். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. அதே ஆண்டு, அதே தமிழ்நாட்டில் வேதாவின் மெட்டுகளைச் சனம் முணுமுணுத்தது. முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மொழியை மேலிருந்து தலையில் சுமத்துவது வேறு. ஒரு மெட்டை நாமே விரும்பி வீட்டுக்குள் அழைத்து, நம் பேச்சைக் கொடுத்து உட்காரவைப்பது வேறு. அரசியல் மேடையில் சொல்லாமலேயே தரை டிக்கெட் ரசிகருக்கு இந்த வித்தியாசம் புரிந்திருந்தது.

காப்பியடித்தவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். மூலத்தைப் படைத்தவருக்குப் பெயரும் காசும் சேரவேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ரசிகரின் தீர்ப்பு அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. எடுத்ததை எப்படி எடுத்தான், நம் ஊருக்கு எப்படி மாற்றினான் என்று பார்க்கிறது.

★

ரசிகர் போடும் மார்க்

சேலம், நாமக்கல் பக்கம் படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் ‘ஏனுங்க, படம் எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். நன்று, சுமார் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வராது. ‘கதையக் கேக்காதீங்க. சண்டை நல்லாப் போட்டிருக்கான். ரெண்டாவது பாட்டு இழுவை. வில்லன் ஆளு செமத்தியா இருக்கான். கடைசி ரெண்டு ரீலுக்கே குடுத்த காசு வந்துருச்சுங்க.’ இப்படித்தான் வரும். பத்திரிகை விமர்சனம் படத்துக்கு மொத்தமாக ஒரு மார்க் போடுகிறது. இவர் ஐந்து பாடத்துக்கும் தனித்தனியாகப் போட்டு, எதில் தேறியது, எதில் தேறவில்லை என்று சொல்லிவிடுகிறார்.

அதிலும் வில்லனுக்குத்தான் கண்டிப்பு அதிகம். கதாநாயகன் ஜெயிப்பான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். ஆகையால் ஜெயிப்பது கஷ்டமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது வில்லன் கையில் இருக்கிறது. ‘வில்லன் சரியில்லைங்க, ஒரு அடியில உழுந்துட்டான்’ என்பது எங்கள் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கிடைக்கக்கூடிய மோசமான தீர்ப்பு. மனோகரும் அசோகனும் நம்பியாரும் அந்தத் தேர்வில் தோற்றதே இல்லை.

ஒரு துப்பாக்கியிலிருந்து எத்தனை குண்டு வரும்? ஆறுக்கு மேல் சுட்டால் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எண்ணிச் சொல்லும். பின்னால் சிரிப்பு. அடுத்த நிமிடம் குதிரை பாய்ந்தால் அதே குரல்தான் விசிலும் அடிக்கும். ஓட்டையைப் பார்க்கத் தெரியாமல் ரசிக்கிறார்கள் என்ற நினைப்பு எத்தனை தப்பு! பார்க்கிறார்கள், சொல்கிறார்கள், மன்னிக்கிறார்கள். ஆனால் எதை மன்னிக்கலாம் என்பதற்கு அவர்களிடம் அளவு இருக்கிறது. குண்டுக்கணக்கை மன்னிப்பார்கள். நியாயம் பிசகினால் மன்னிக்கமாட்டார்கள். ஏழையை ஏய்த்தவன் கடைசியில் தப்பிவிட்டால் அந்தப் படம் அடுத்த வாரம் கொட்டகையில் இருக்காது.

சேகோ ஆலையில் மாவுக்குள் நின்றுவிட்டு வந்தவருக்கும், ஒரிசா வரை லோடு இறக்கிவிட்டு வந்த லாரி டிரைவருக்கும், தறிச் சத்தம் காதில் நிற்காத நெசவாளிக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தில் கிடைப்பது சும்மா பொழுதுபோக்கு என்று நான் எழுதமாட்டேன். அவர்கள் வாழ்க்கையில் ஏமாற்றியவன் தண்டனை அடைவதை நேரில் பார்ப்பது அபூர்வம். வட்டிக்காரனும் புரோக்கரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். திரையிலாவது ஒருவன் வந்து கழுத்தைப் பிடிக்கிறான். அது பொய் என்று தெரிந்தும் கைதட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மதிக்காமல் ‘மூன்றாந்தரப் படம்’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது.

★

சோடா விற்கிறவரின் விமர்சனம்

திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ நாவல், ஒரு சிற்றூர்த் தியேட்டரில் சோடா, முறுக்கு விற்கும் பையன்களின் வாழ்க்கை. அவருடைய தந்தை தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தவர். பிறகு ‘நிழல்முற்றத்து நினைவுகள்’ என்று தனியாகக் கட்டுரைகளும் எழுதினார்.

ஒரு படத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அந்தப் பையன்கள்தான். ஒரே படத்தை எத்தனையோ காட்சி பார்த்தவர்கள். எந்த இடத்தில் விசில் வரும், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து வெளியே வரும், இடைவேளைக்கு முன்னாலேயே கலர் பாட்டிலைத் திறந்து வைக்க வேண்டிய படம் எது என்று அத்துபடி. பாட்டு சரியில்லை என்றால் சோடா வியாபாரம் கூடும். சண்டை நன்றாக இருந்தால் கடைப்பக்கம் ஈ ஆடாது. பத்திரிகையில் அச்சாகாத விமர்சனம் அது. பேச்சுக்கு இடமில்லாத துல்லியம் அதில் இருக்கிறது. நிழல்முற்றத்தை இன்னும் படிக்காதவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள். சினிமாவின் வெளிச்சம் விழாத பக்கத்தை அவ்வளவு உண்மையாக எழுதிய புத்தகம் தமிழில் குறைவு.

★

‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த ஏ. சகுந்தலாவுக்கு அந்தப் படமே இனிஷியலாகிவிட்டது. அதன்பின் எத்தனையோ படங்கள், கடைசியில் தொலைக்காட்சித் தொடர்கள். எதில் வந்தாலும் ‘சி.ஐ.டி. சகுந்தலா’தான். 2024-ல் அவர் மறைந்த செய்தியும் அந்தப் பெயரோடுதான் வந்தது. பட்டம் கொடுத்தது எந்தச் சபையும் இல்லை, ரசிகர்கள்.

★

கதவை உடைக்கும் தயா

சி.ஐ.டி. என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவு வருவது இன்னொன்று. சோனி தொலைக்காட்சியில் 1998 ஜனவரி 21-ல் தொடங்கி 2018 வரை 20 ஆண்டுகள் ஓடிய இந்தித் தொடர். தயாரிப்பும் இயக்கமும் பி.பி. சிங். தலைமை அதிகாரி பிரத்யுமனாக வரும் சிவாஜி சாடம் ஒரு காலத்தில் வங்கி ஊழியர். ‘ஏதோ கோளாறு இருக்கிறது, தயா’ என்று விரலை முறுக்கிக்கொண்டே அவர் சொல்வார். தயாவாக நடித்த தயானந்த் ஷெட்டி கதவை உடைப்பார். பூட்டாத கதவாக இருந்தாலும் உடைப்பார் என்று நாடு முழுக்கச் சிரிப்பு.

சிரித்தவர்களும் விடாமல் பார்த்தார்கள். கொலைகாரன் யார் என்று பத்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, அப்பாவும் மகளும் பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனை! இந்தக் கேலிக்கு ஆளான குழுதான் 2004-ல் 111 நிமிடப் பகுதி ஒன்றை, ஒரு வெட்டுக்கூட இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்து உலக சாதனை படைத்தது. அத்தனை நடிகரும் அத்தனை வசனமும் தப்பாமல் வந்திருக்கவேண்டும். கேமராவைத் தோளில் சுமந்தவரின் கை நடுங்காமல் இருந்திருக்கவேண்டும். இப்படிப்பட்ட வேலையை மலிவான வேலை என்று யார் சொல்வது?

2024 டிசம்பரில் தொடர் திரும்ப வந்தது. கேட்டு வாங்கியவர்கள் பார்வையாளர்களேதான்.

★

தமிழ்நாட்டில் இரவானால் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடவைத்த தொடர் ‘மர்மதேசம்’. சன் டிவியில் 1990-களின் பிற்பகுதியில் வந்தது. நாகா இயக்கிய அதன் ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டையும் இன்றைக்கும் பெரியவர்கள் ஒரு நடுக்கத்தோடுதான் சொல்வார்கள். கதை இந்திரா சௌந்தர்ராஜன். மதுரைக்காரர் என்றே பலர் நினைத்திருந்தாலும் அவர் 1958-ல் பிறந்தது சேலத்தில்! 2024 நவம்பரில் காலமானார்.

‘விடாது கருப்பு’ வந்தபோது நடந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. குதிரையில் வந்து தண்டிப்பது காவல் தெய்வமா, மனிதனா? வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கருப்பனார் கோயில் உண்டு, ஓங்கிய அரிவாளோடு நிற்பார். அங்கே பொங்கல் வைத்துவிட்டு வந்து தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி கதைக்குள் மட்டும் இருந்த கேள்வி இல்லை. குற்றத்தைத் துப்பறியும் ஒரு தொடர் இத்தனை ஆழத்துக்குப் போகமுடியும் என்று காட்டிய எழுத்து அது.

★

காணாமல் போனவை

மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938. எடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’, 1961. அதுவும் அவர்களே. தமிழில் வண்ணத்தில் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956. அதுவும் அவர்களே. இவற்றில் ‘பாலன்’ படத்தின் பிரதி இன்று இல்லை. ஒரு மொழியின் முதல் குரல் சேலத்தில் பதிவாகி, தொலைந்தும் போய்விட்டது.

‘பாலன்’ போன்ற வரலாற்றுப் படத்துக்கே இந்தக் கதி. வல்லவன்களையும் கில்லாடிகளையும் யார் பாதுகாப்பார்கள்? விருது வாங்கிய படத்துக்கு ஆவணக் காப்பகத்தில் இடம் கிடைக்கும். தரை டிக்கெட் கொண்டாடிய படத்துக்குக் கேட்பாரில்லை. பழைய படம் ஒளிபரப்பும் சேனல்களில் மத்தியான நேரத்தில் தேய்ந்துபோன பிரதி ஓடுகிறது, இடையிடையே படச்சட்டங்கள் குதிக்கின்றன. ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே இந்தப் படங்களின் நல்ல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, புதுப்பித்து, மக்களுக்குத் திரையிட ஒரு கூடம் வரவேண்டும். போஸ்டர், பாட்டுப் புத்தகம், ஒப்பனைப் பெட்டி, அங்கே வேலை பார்த்தவர்களின் வாய்மொழி எல்லாம் அங்கே சேரவேண்டும். வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இதை அரசு செய்தாலும் சரி, ஊர்க்காரர்கள் கூடிச் செய்தாலும் சரி.

★

கடைசியாக ஒன்று. 2010-ல் சிம்புதேவன் இயக்கிய கௌபாய்ப் படம் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’. நாயகன் ராகவா லாரன்ஸ். அந்தப் படத்தில் நல்லவர்கள் வாழும் ஊருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஜெய்சங்கர்புரம்!